மூழ்கிய நெல் எப்படி முடிவெடுக்கிறது? படியெடுத்தல் காரணிகள் ஹார்மோன் சமிக்ஞையை ஆளும் விதத்தைத் தடம் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நட்டுச் சில வாரங்களே ஆன நெற்பயிர் வெள்ளத்தில் முழுவதுமாக மூழ்கினால், எந்த இரகம் என்பதைப் பொறுத்து அது மூன்று விதமாக நடந்துகொள்ளும். பெரும்பாலான இரகங்கள் இலைகளை நீட்டி நீர்மட்டத்தை எட்ட முயன்று, கையிருப்பு மாவுச்சத்தை அதிலேயே செலவழித்துவிட்டு, நீர் வடியும்போது துவண்டு அழிந்துபோகும். வங்கதேசத்தின் ஆழ்நீர் நெல் ஒரே நாளில் 20 முதல் 25 செ.மீ. வரை தண்டை நீட்டித் தலையை நீருக்கு மேலே வைத்துக்கொள்ளும். ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ என்ற பழைய இரகமோ வளர்ச்சியை நிறுத்தி, ஏறத்தாழ இரண்டு வாரம் அடங்கிக் கிடந்து, நீர் வடிந்தபின் மீண்டும் துளிர்க்கும்.

மூன்று செடிகளுக்குள்ளும் முதலில் எழும் ஹார்மோன் சமிக்ஞை ஒன்றேதான். வாயுக்கள் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகின்றன. ஆகவே செடி உண்டாக்கும் எத்திலீன் என்ற வாயு ஹார்மோன் வெளியேற வழியின்றித் திசுக்களுக்குள் தேங்குகிறது. செய்தி ஒன்றாக இருந்தும் விடை மூன்றாகப் பிரிவதற்குக் காரணம், அந்தச் செய்தியை உட்கருவில் வாங்கிக்கொள்ளும் படியெடுத்தல் காரணிகள் (மரபணுக்களை எழுப்பும் அல்லது அடக்கும் புரதங்கள்) வேறு, அவை போய் அமரும் மரபணுக்களும் வேறு என்பதே. ஹார்மோனின் அளவை மட்டும் அளந்துகொண்டிருப்பவருக்கு இந்த வேறுபாடு ஒருபோதும் பிடிபடாது.

முதுகலை மாணவர்களையும், செடியியல் கற்பிக்கும் ஆசிரியர்களையும், ஆய்வுக் கட்டுரைகளைத் தெளிவாகப் படிக்க விரும்புவோரையும் மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். ஒரு படியெடுத்தல் காரணி ஒரு ஹார்மோனின் பாதையில் எங்கே நிற்கிறது என்பதை எந்த வரிசையில் விசாரிக்க வேண்டும், எந்த இடத்தில் ஏமாறுவோம் என்பதே இதன் பொருள்.

முதல் படி: யார் யார் என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள்

படியெடுத்தல் காரணி என்பது டிஎன்ஏவில் ஒரு குறிப்பிட்ட குறுகிய எழுத்துத் தொடரை அடையாளம் கண்டு அதில் அமர்ந்து, பக்கத்திலுள்ள மரபணு ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுவதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் புரதம். அது அமரும் இடம் பெரும்பாலும் மரபணுவின் முகப்பில், புரோமோட்டர் என்று நாம் அழைக்கும் பகுதியில் இருக்கும். நெல்லில் இத்தகைய புரதங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை உள்ளன; மிப், நாக், பி-ஜிப், வர்க்கி, ஏபி2-இஆர்எஃப் என்று அவற்றை டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதியின் அமைப்பை வைத்துக் குடும்பங்களாகப் பிரிப்பார்கள்.

ஹார்மோன் நேரடியாக இவற்றிடம் பேசுவதில்லை. இடையில் மூவர் இருக்கிறார்கள்: ஹார்மோனைப் பற்றும் ஏற்பி, படியெடுத்தல் காரணியை அடக்கி வைத்திருக்கும் தடைப்புரதம், அந்தத் தடையை அழிவுக்கு அடையாளமிடும் நொதிக் கூட்டு. ஹார்மோன் வந்ததும் ஏற்பி தடைப்புரதத்தைப் பற்றிக்கொள்ள, அதன்மேல் யுபிகுவிட்டின் என்ற சிறு புரதத்தின் குறி விழ, குறியிட்ட புரதங்களை அழிக்கும் புரோட்டியசோம் அதைச் சிதைக்க, அதுவரை கட்டுண்டிருந்த காரணி விடுபடுகிறது. ஜிப்ரலினுக்கு எஸ்எல்ஆர்1, ஆக்சினுக்கு ஆக்ஸ்-ஐஏஏ புரதங்கள், ஜாஸ்மோனேட்டுக்கு ஜாஸ் புரதங்கள், ஸ்ட்ரைகோலாக்டோனுக்கு டி53 என்று தடையின் பெயர் மாறினாலும் கதையின் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றே.

விதிவிலக்குகளையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எத்திலீன் வந்தால் ஒன்று சிதைவதற்குப் பதிலாக, இல்லாதபோது சிதைந்துகொண்டிருந்த இஐஎல் வகைக் காரணிகள் நிலைபெறுகின்றன. சைட்டோகைனின் பாஸ்பேட் தொகுதியைக் கைமாற்றிக் கைமாற்றிக் காரணியிடம் சேர்க்கிறது. அப்சிசிக் அமிலமும் பாஸ்பேட்டின் வழியே பேசுகிறது; அதற்குக் கீழே திரும்ப வருவேன்.

இரண்டாம் படி: கண்ணால் அளக்கக்கூடிய ஒரு விளைவைத் தேர்ந்தெடுங்கள்

பல ஆய்வேடுகள் ஆர்என்ஏ வரிசையறிதலில் தொடங்கி, ஆயிரக்கணக்கான மரபணுக்களின் பட்டியலில் முடிந்துவிடுகின்றன. பழைய முறையிலான எளிய சோதனைகளிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. நெல்லில் ஒவ்வொரு ஹார்மோனுக்கும் நம்பகமான சோதனை ஒன்றாவது உண்டு.

ஜிப்ரலினுக்கு இரண்டு உள்ளன. ஒன்று, நாற்றின் இரண்டாம் இலையுறை எவ்வளவு நீள்கிறது என்று அளப்பது. செடி தானாக உண்டாக்கும் ஜிப்ரலினை யூனிகோனசோல் கொண்டு முன்பே தடுத்துவிட்டு, வெளியிலிருந்து ஜிப்ரலிக் அமிலம் கொடுத்தால் வேறுபாடு துலக்கமாகத் தெரியும். மற்றொன்று அரைவிதைச் சோதனை. உமி நீக்கிக் கிருமிநீக்கம் செய்த நெல்மணியிலிருந்து கருவுள்ள பாதியை வெட்டி எறிந்துவிட்டு, மற்றப் பாதியை மாவுச்சத்து கலந்த அகார் தட்டில், ஒரு தட்டில் ஜிப்ரலினுடனும் இன்னொன்றில் ஜிப்ரலின் இல்லாமலும், மூன்று நான்கு நாள் வைக்க வேண்டும். பிறகு அயோடின் ஊற்றினால் தட்டு முழுவதும் கருநீலமாகும். விதையின் அலியூரோன் படலத்திலிருந்து, மாவுச்சத்தைச் சிதைக்கும் ஆல்ஃபா அமைலேஸ் நொதி வெளிப்பட்ட அரைவிதைகளைச் சுற்றி மட்டும் நிறமற்ற வளையம் தெரியும். கரு இல்லாததால் உள்ளிருந்து ஜிப்ரலின் வர வழியில்லை. ஆகவே வளையம் தோன்றினால் அது நீங்கள் கொடுத்த ஹார்மோனின் வேலை. கல்லூரி ஆய்வகத்தில் சிறு செலவில் செய்யக்கூடிய இந்தச் சோதனை, சமிக்ஞைப் பாதையின் பாதியைக் கண்முன் காட்டிவிடும்.

பிராசினோஸ்டீராய்டுக்கு இலைப்பரப்பும் இலையுறையும் சேரும் மூட்டு எவ்வளவு வளைகிறது என்ற கோணத்தை அளப்பார்கள். எத்திலீனுக்கு இருட்டில் முளைத்த நாற்றின் வேர் குறுகுவதையும் முளைக்குருத்துறை நீள்வதையும் பார்ப்பார்கள். எத்திலீனின் பங்கை உறுதிசெய்ய, ஏற்பியை அடைத்துவிடும் 1-மெத்தில்சைக்ளோபுரொப்பீனைக் கொடுத்து அந்த விளைவு மறைகிறதா என்று சோதிக்கலாம். அப்சிசிக் அமிலத்துக்கு விதை முளைப்பு எவ்வளவு தடைப்படுகிறது என்பதே போதும்.

மாதிரி எடுக்கும் நேரத்தில் கவனம் தேவை. ஹார்மோன் தொடர்பான மரபணுக்கள் பல பகலிரவுச் சுழற்சியோடு ஏறி இறங்குபவை. காலை எட்டு மணிக்கு ஹார்மோன் கொடுத்துவிட்டு நண்பகலில் எடுத்த மாதிரியை, காலையிலேயே எடுத்துவைத்த மாதிரியோடு ஒப்பிட்டால், ஹார்மோனின் விளைவையும் வெயிலின் விளைவையும் பிரிக்க முடியாது. ஒவ்வொரு நேரப் புள்ளிக்கும் ஹார்மோன் கொடுக்காத தனிச் செடிகளை அதே மணியில் எடுக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்வதற்குள் நானும் ஒரு பருவத்து நாற்றுகளை வீணடித்திருக்கிறேன்.

மூன்றாம் படி: தடையைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைப் புரிந்துகொள்ள ஜிப்ரலினைவிட நல்ல பாடம் இல்லை. அந்த ஹார்மோனின் கதையே நெல்லில்தான் தொடங்கியது. நாற்றுகள் மெலிந்து அளவுக்கு மீறி உயர்ந்து மடியும் பகானே நோயை ஆராய்ந்த ஈய்ச்சி குரோசாவா, நோய்க்குக் காரணமான பூஞ்சையை வளர்த்த நீரே, பூஞ்சையை வடிகட்டிய பிறகும், நாற்றை உயரச் செய்கிறது என்று 1926இல் தைவானில் காட்டினார். அந்தப் பொருளுக்கு தெய்ஜிரோ யபுத்தா 1935இல் ஜிப்ரலின் என்று பெயரிட்டார். ஆனால் அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி எது என்பது 2005 வரை தெரியவில்லை. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகக் குழுவினர் நெல்லின் ஜிஐடி1 புரதமே அது என்று அந்த ஆண்டு நிறுவினார்கள்.

இங்கே தடைப்புரதம் எஸ்எல்ஆர்1. டெல்லா என்ற வகையைச் சேர்ந்த முழுமையான புரதம் நெல்லில் இது ஒன்றுதான். ஆய்வகங்களின் மாதிரிச் செடியான அராபிடாப்சிஸில் ஐந்து உள்ளன. ஒன்றே ஒன்று இருப்பது ஆய்வாளருக்குப் பெரிய வசதி, ஏனென்றால் அதை நீக்கினால் அதன் வேலையை ஏற்றுக்கொள்ள உடன்பிறப்பு ஏதும் இல்லை. எஸ்எல்ஆர்1 செயலிழந்த செடி, ஜிப்ரலின் கொடுக்காமலேயே பகானே நோய் கண்டதுபோல் உயர்ந்து நிற்கிறது. அதன் அரைவிதை ஹார்மோனின்றியே வளையம் காட்டுகிறது. ஜிஐடி1 செயலிழந்த செடியோ கடும் குட்டையாகிறது, எவ்வளவு ஜிப்ரலின் கொடுத்தாலும் அசைவதில்லை. அந்தக் குட்டைச் செடிக்குள் ஜிப்ரலின் இயல்பைவிடப் பல மடங்கு தேங்கியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்: ஹார்மோன் மிகுந்திருக்கிறது, சமிக்ஞை இல்லை.

தடையைக் கண்டதும் அதன் புரத அளவை எதிர்ப்புரதம் கொண்டு அளப்பது வழக்கம். அதில் ஒரு நுட்பமான பொறி இருக்கிறது. எஸ்எல்ஆர்1-ஐ அழிவுக்கு அடையாளமிடும் ஜிஐடி2 செயலிழந்த செடியில், ஜிஐடி1 செயலிழந்த செடியில் இருப்பதைவிடவும் எஸ்எல்ஆர்1 அதிகமாகத் தேங்குகிறது. தடை அதிகம் என்றால் குட்டைத்தனமும் அதிகமாக இருக்க வேண்டும். உண்மையில் அது குறைவாகவே இருக்கிறது. ஜிப்ரலினோடு சேர்ந்த ஜிஐடி1 வந்து பற்றிக்கொண்டாலே, சிதைவு நிகழாமலும், எஸ்எல்ஆர்1-இன் ஆற்றல் ஓரளவு முடங்கிவிடுகிறது என்பதே இதற்கான விளக்கம். ஆகவே புரதத்தின் அளவையும் அதன் செயலையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

நான்காம் படி: புரோமோட்டரைப் படியுங்கள், ஆனால் அதை நம்பிவிடாதீர்கள்

தடை விலகிய பிறகு எந்தக் காரணி எந்த மரபணுவில் அமர்கிறது? அரைவிதைச் சோதனையில் நாம் கண்ட ஆல்ஃபா அமைலேஸ் மரபணுவின் முகப்பில் டி-ஏ-ஏ-சி-ஏ-ஏ-ஏ என்ற தொடர் இருக்கிறது. ஜிஏமிப் என்ற மிப் குடும்பக் காரணி அதில் அமர்ந்து மரபணுவை எழுப்புகிறது. அப்சிசிக் அமிலத்துக்கு விடையளிக்கும் மரபணுக்களின் முகப்பில் ஏ-சி-ஜி-டி என்பதை நடுவில் கொண்ட தொடரும், அதில் அமரும் பி-ஜிப் காரணிகளும் இருக்கும்.

கணினியில் ஒரு புரோமோட்டரைக் கொடுத்தால் இத்தகைய தொடர்கள் வண்ண வண்ணமாகப் படத்தில் வந்துவிடும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு எழுத்துத் தொடர் ஒன்று, நான்கு காரங்களும் சம அளவில் இருந்தால், தற்செயலாகவே 256 எழுத்துக்கு ஒரு முறை வரும். 2,000 எழுத்து நீளமுள்ள எந்தப் புரோமோட்டரிலும் ஏழெட்டு ஏ-சி-ஜி-டி கிடைத்துவிடும். அதை வைத்து ‘இந்த மரபணு அப்சிசிக் அமிலத்தால் இயங்குகிறது’ என்று எழுதுவது, ஊர்ப் பெயர்ப்பலகையில் ‘புரம்’ என்ற எழுத்துகளைக் கண்டு ஊரைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்வதற்குச் சமம். தொடர் இருப்பது விசாரணைக்கு ஒரு முகவரி மட்டுமே.

எந்த மரபணுத்தொகுதியில் தேடுகிறீர்கள் என்பதும் முக்கியம். 2005இல் வெளியான நெல்லின் மேற்கோள் மரபணுத்தொகுதி (மற்ற இரகங்களை ஒப்பிட அடிப்படையாகும் முழு டிஎன்ஏ வரிசை) நிப்பொன்பாரே என்ற ஜப்போனிக்கா இரகத்தினுடையது. வெள்ளத்தைத் தாங்க உதவும் சப்1ஏ மரபணு அந்த இரகத்தில் கிடையவே கிடையாது. ஆழ்நீர் நெல்லின் ஸ்நார்கெல் மரபணுக்களும் அப்படியே. மேற்கோள் தொகுதியில் மட்டும் தேடுபவருக்கு நெல்லின் மிகச் சுவையான இந்தப் படியெடுத்தல் காரணிகள் கண்ணிலேயே படா.

ஐந்தாம் படி: அமர்கிறது என்பதை நிறுவுங்கள்

இதற்கு ஒரே ஒரு சோதனை போதாது. ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்ட வேண்டும். ஈஸ்ட் செல்லுக்குள் செய்யும் ஒற்றைக் கலப்புச் சோதனையும், தூய்மையாக்கிய புரதத்தை டிஎன்ஏ துண்டோடு கலந்து கூழ்மத்தில் அது மெதுவாக நகர்கிறதா என்று பார்க்கும் சோதனையும், ‘அமர முடியும்’ என்று மட்டுமே சொல்கின்றன. செடிக்குள் உண்மையில் அமர்ந்திருக்கிறதா என்பதைக் காரணியை அது பிடித்திருக்கும் டிஎன்ஏவோடு சேர்த்துப் பிரித்தெடுக்கும் குரோமாட்டின் வீழ்படிவுச் சோதனையே சொல்லும். அமர்ந்தபின் மரபணுவைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்பதை அறிய, நெல் நாற்றின் இலையுறையிலிருந்து பிரித்த புரோட்டோபிளாஸ்டுகளில் (செல்சுவர் நீக்கிய செல்களில்) புரோமோட்டரோடு இணைத்த லூசிஃபரேஸின் ஒளிர்வை அளக்க வேண்டும். தொடரில் ஓரிரு எழுத்துகளை மாற்றிய புரோமோட்டரையும் அருகிலேயே வைத்துச் சோதிப்பது கட்டாயம். எழுத்தை மாற்றியும் ஒளிர்வு மாறவில்லையென்றால் நீங்கள் காட்டிய முகவரி தவறு.

காரணி ஒரு மரபணுவின் முகப்பில் அகப்படுவது, அது தானே டிஎன்ஏவைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள்படாது. நெல்லின் கிளைப்பை ஆளும் ஐபிஏ1 என்ற காரணியைக் குரோமாட்டின் வீழ்படிவு முறையில் ஆராய்ந்தபோது இரண்டு வகைத் தொடர்கள் கிடைத்தன. ஜி-டி-ஏ-சி என்பதில் அது நேராக அமர்கிறது. டி-ஜி-ஜி-ஜி-சி என்று தொடங்கும் மற்றொன்றில் பிசிஎஃப் வகைக் காரணிகளின் தோளில் கைபோட்டபடி நிற்கிறது.

ஹார்மோனுக்கான முதல் விடை எது, அதைத் தொடர்ந்து வரும் இரண்டாம் விடை எது என்பதைப் பிரிக்க சைக்ளோஹெக்சிமைடு உதவும். புதுப் புரதம் உருவாவதையே அது தடுத்துவிடுவதால், அதன் முன்னிலையிலும் எழும் மரபணுக்கள், ஏற்கெனவே செல்லில் இருந்த காரணியால் நேராக எழுப்பப்படுபவை.

ஆறாம் படி: எடுத்துப் பாருங்கள், கொடுத்துப் பாருங்கள், வரிசைப்படுத்துங்கள்

டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் காரணியின் மரபணுவைச் செயலிழக்கச் செய்து, இரண்டாம் படியில் தேர்ந்தெடுத்த சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். ஜிஏமிப் செயலிழந்த அரைவிதையில் ஜிப்ரலின் கொடுத்தும் வளையம் வருவதில்லை, எதிர்பார்த்ததே. ஆனால் அந்தச் செடியின் இளம்பருவ வளர்ச்சியில் குறையேதும் தெரிவதில்லை. பூக்கும் பருவத்தை எட்டிய பின்னரே கணுவிடைகள் குறுகி, மகரந்தம் கெடுகிறது. இதிலிருந்து, ஜிப்ரலின் ஒன்றே என்றாலும் நாற்றின் நீட்சிக்கு ஜிஏமிப் பொறுப்பில்லை, வேறு காரணிகளே பொறுப்பு என்ற முடிவுக்கு வருகிறோம். ‘ஜிப்ரலினின் படியெடுத்தல் காரணி’ என்று ஒன்றைச் சுட்டுவது எப்போதும் அரைகுறையான பேச்சு. எந்தத் திசுவில், எந்தப் பருவத்தில் என்று சேர்த்தே சொல்ல வேண்டும்.

வரிசையை அறிய இரட்டை மாற்றச் செடி தேவை. ஜிஐடி1, எஸ்எல்ஆர்1 இரண்டும் செயலிழந்த செடி குட்டையாக இருக்குமா, நெட்டையாக இருக்குமா? நெட்டையாகவே இருக்கிறது. ஆகவே எஸ்எல்ஆர்1 பாதையில் கீழே நிற்கிறது; ஏற்பியின் ஒரே முக்கிய வேலை அதை அகற்றுவது.

கொடுத்துப் பார்ப்பதில், அதாவது காரணியை மிகுதியாக வெளிப்படுத்துவதில், ஏமாற்றங்கள் அதிகம். வறட்சியில் அப்சிசிக் அமிலம் ஏறும்போது அதன் ஏற்பிகள் பிபி2சி நொதிகளைப் பிடித்து அடக்க, அந்த நொதிகளின் பிடியிலிருந்து விடுபட்ட எஸ்ஏபிகே கைனேஸ்கள் பி-ஜிப் காரணிகளின் மேல் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அதற்குப் பிறகே அந்தக் காரணிகள் முழு வேகத்தில் செயல்படுகின்றன. நெல்லின் பி-ஜிப்46 காரணியை அப்படியே மிகுதியாக உண்டாக்கிய செடிகள் வறட்சியைக் கூடுதலாகத் தாங்கவில்லை. அந்தப் புரதத்துக்குள்ளேயே தன்னைத் தான் அடக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. அதை வெட்டி நீக்கிய வடிவத்தைக் கொடுத்தபோதுதான் தாங்குதிறன் கூடியது. மிகுவெளிப்பாட்டில் பலன் இல்லையென்றால் காரணியைக் கைவிடுவதற்கு முன், அதன்மேல் பூட்டு ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஏழாம் படி: இரண்டு ஹார்மோன்கள் சந்திக்கும் மரபணுவைத் தேடுங்கள்

இப்போது மூழ்கிய வயலுக்குத் திரும்பலாம். எத்திலீனும் ஜிப்ரலினும் கைகோக்கும் இடம் எஸ்டி1 என்ற மரபணு. இது ஜிப்ரலினை உண்டாக்கும் வரிசையில் வரும் ஒரு நொதிக்குரியது. பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966இல் வெளியிட்ட ஐஆர்8, தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் இரகத்திலிருந்து பெற்றது இந்த மரபணுவின் செயலிழந்த வடிவத்தைத்தான். ஜிப்ரலின் குறைந்து, எஸ்எல்ஆர்1 தேங்கி, தண்டு குட்டையாகி, உரமிட்டாலும் சாயாத பயிர் கிடைத்தது. பசுமைப் புரட்சியின் பெயர் சொல்லும் இந்த மரபணு எது என்பது 2002இல்தான் தெரியவந்தது.

ஆழ்நீர் நெல்லில் அதே எஸ்டி1 முழு ஆற்றலோடு, போதாததற்குக் கூடுதல் ஆற்றலோடும், இருக்கிறது. நீருக்குள் எத்திலீன் தேங்க, இஐஎல்1ஏ என்ற காரணி நிலைபெற்று எஸ்டி1-இன் புரோமோட்டரில் அமர்ந்து அதை எழுப்புகிறது. உருவாகும் நொதி ஜிஏ4 வகை ஜிப்ரலினின் உற்பத்தியைப் பெருக்க, கணுவிடைகள் நீள்கின்றன. 2018இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு எனக்கு இன்றும் வியப்பளிப்பது: செயலிழந்தபோது குட்டை நெல்லையும், எத்திலீனின் பிடியில் எழுந்தபோது நீர்மட்டத்தைத் துரத்தும் நெட்டை நெல்லையும் தந்தது ஒரே மரபணு. இதற்கு முன்பே, 2009இல், ஸ்நார்கெல்1, ஸ்நார்கெல்2 என்ற இரு இஆர்எஃப் வகைக் காரணிகள் ஆழ்நீர் நெல்லில் எத்திலீனால் எழுந்து தண்டை நீட்டுவதை நகோயா குழு காட்டியிருந்தது.

எஃப்ஆர்13ஏ இரகத்தின் சப்1ஏ-வும் இஆர்எஃப் குடும்பமே. ஸ்நார்கெல்களின் நெருங்கிய உறவினர். அதையும் எத்திலீனே எழுப்புகிறது. ஆனால் அது எடுக்கும் முடிவு நேர் எதிரானது: எஸ்எல்ஆர்1-இன் அளவையும், அதன் உறவுப்புரதமான எஸ்எல்ஆர்எல்1-இன் அளவையும் உயர்த்தி, ஜிப்ரலின் இருந்தும் செடி அதற்குச் செவிசாய்க்காமல் செய்துவிடுகிறது, எத்திலீன் மேலும் பெருகுவதையும் கட்டுப்படுத்துகிறது. மாவுச்சத்து கரையாமல் மிஞ்சுவதால் நீர் வடிந்தபின் துளிர்க்கக் கையிருப்பு இருக்கிறது. இந்த மரபணுவை 2006இல் அடையாளம் கண்டார்கள். பிறகு, டிஎன்ஏ குறியீடுகளின் துணையுடன் பழைய இரகத்தோடு திரும்பத் திரும்பக் கலக்கும் பின்கலப்பு முறையில் ஸ்வர்ணா போன்ற இரகங்களுக்குள் அது கொண்டுசெல்லப்பட்டது. காவிரிப் படுகை உழவர்கள் அறிந்த சிஆர்1009 சப்1-உம் அந்த வழியில் வந்ததே.

ஆகவே ஒரு காரணியின் குடும்பப் பெயரை வைத்து அதன் செயலை ஊகிக்காதீர்கள். ஒரே குடும்பம், ஒரே எத்திலீன். ஒன்று நீட்டுகிறது, ஒன்று அடக்குகிறது. நீடித்து மேலேறும் வெள்ளத்தில் அடங்கும் செடி சாகும். இரண்டு வாரத்தில் வடியும் வெள்ளத்தில் நீளும் செடி சாகும்.

எட்டாம் படி: பின்னூட்டத்தையும் பக்க விளைவுகளையும் தேடுங்கள்

ஸ்ட்ரைகோலாக்டோன் தூர் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன். அதை டி14 என்ற ஏற்பி பற்றியதும், டி3 என்ற புரதத்தின் துணையோடு தடைப்புரதமான டி53 சிதைகிறது. டி53 அடக்கிவைத்திருந்த ஐபிஏ1 விடுபட்டுத் தூர் கட்டுவதைத் தடுக்கும் மரபணுக்களை எழுப்புகிறது. இங்கேயே நின்றுவிடக் கூடாது. விடுபட்ட ஐபிஏ1 எழுப்பும் மரபணுக்களில் டி53-உம் ஒன்று; தன்னைக் கட்டும் கயிற்றைத் தானே திரிக்கிறது. இத்தகைய பின்னூட்டம் இருப்பதால், ஹார்மோன் கொடுத்து ஒரு மணி நேரத்தில் எடுத்த அளவும் ஒரு நாள் கழித்து எடுத்த அளவும் நேர்மாறாக இருக்கலாம். இரண்டும் உண்மையாகவே இருக்கும்.

ஐபிஏ1 மிகுந்த செடியில் தூர்கள் குறைந்து, தண்டு தடித்து, கதிரில் மணிகள் பெருகுகின்றன. 2010இல் இரு குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டபோது அது விளைச்சலுக்கான மரபணுவாகவே பேசப்பட்டது. குலைநோய்ப் பூஞ்சை தாக்கும்போது இதே புரதத்தின் 163ஆம் அமினோ அமிலமான செரினில் பாஸ்பேட் ஏறி, அது வழக்கமான மரபணுக்களை விட்டு வர்க்கி45 என்ற நோயெதிர்ப்பு மரபணுவை எழுப்பப் போய்விடுகிறது என்று 2018இல் தெரிந்தது. தாக்குதல் தணிந்ததும் பழைய வேலைக்குத் திரும்புகிறது.

பக்க விளைவுக்கு எஸ்எல்ஆர்1-ஐ இன்னொரு முறை எடுத்துக்கொள்ளலாம். குட்டை இரகங்களில் அது தேங்குவதால், தழைச்சத்தை ஈர்க்கும் மரபணுக்களை எழுப்பும் ஜிஆர்எஃப்4 என்ற காரணியும் அடங்கிப்போகிறது. குட்டை நெல் அதிக யூரியா கேட்பதற்கு இது ஒரு காரணம். ஜிஆர்எஃப்4-ஐ மட்டும் உயர்த்தினால், செடி குட்டையாகவே இருக்க, தழைச்சத்து ஏற்பு மீள்கிறது என்பதும் 2018இல் வெளியான முடிவு.

ஒன்பதாம் படி: காரணியைத் தொடுவதா, அதன் இலக்கைத் தொடுவதா?

பாதை தெளிவான பிறகு இரகமாக்க விரும்புபவர் எதிர்கொள்ளும் கேள்வி இது. சைட்டோகைனினைச் சிதைக்கும் சிகேஎக்ஸ்2 நொதி குறைந்தால், கதிர் உருவாகும் முனையில் சைட்டோகைனின் தேங்கி மணிகள் கூடும் என்று 2005இல் ஜப்பானியக் குழு காட்டியது. அந்த மரபணுவின் புரோமோட்டரில் அமர்ந்து அதை எழுப்புவது டிஎஸ்டி என்ற துத்தநாக விரல் வகைக் காரணி என்று 2013இல் சீனக் குழு நிறுவியது. டிஎஸ்டி வேறொரு வேலையும் செய்கிறது: இலைத்துளைக் காப்புச் செல்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு தேங்காமல் பார்த்துக்கொள்கிறது. அது செயலிழந்தால் பெராக்சைடு தேங்கி, இலைத்துளைகள் கூடுதலாக மூடி, செடி வறட்சியையும் உவர்ப்பையும் நன்றாகத் தாங்குகிறது.

2025 மே மாதம் இந்திய அரசு அறிவித்த இரண்டு மரபணுத்திருத்த நெல் இரகங்களும் இந்த ஒரே பாதையின் இரு கணுக்களிலிருந்து வந்தவை. ஹைதராபாத் இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் டிஆர்ஆர் தன் 100, சம்பா மசூரியில் இலக்கான சிகேஎக்ஸ்2-ஐத் திருத்தியது. புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா டிஎஸ்டி ரைஸ் 1, எம்டியு1010 இரகத்தில் காரணியான டிஎஸ்டி-ஐத் திருத்தியது. இலக்கைத் தொட்டால் விளைவு ஒரு பண்போடு நிற்க வாய்ப்பு அதிகம். காரணியைத் தொட்டால் அது ஆளும் எல்லா மரபணுக்களும் சேர்ந்து அசையும். உவர் நிலத்துக்கும் வறட்சிக்கும் சேர்த்து ஒரு விடை வேண்டுமென்றால் அந்த அசைவே நமக்குத் தேவையானது. விளைச்சல் மட்டும் வேண்டுமென்றால் அது தேவையற்ற தொல்லை. எந்த வயலுக்காகத் திருத்துகிறோம் என்பதை முதலில் எழுதிவைத்துக்கொண்டு, அதன் பிறகே, எங்கே வெட்ட வேண்டும் என்று கிரிஸ்பருக்குக் காட்டும் வழிகாட்டி ஆர்என்ஏவை வடிவமைக்க உட்கார வேண்டும்.